யார் முதலில் உட்காருவது?

கனடாவின் வின்னிபெக்கில் வெளியே இன்னும் சரியாக விடியவில்லை. வகுப்பு வாசலில் பனிக்காலணிகள் நீர் வடிக்கின்றன. உள்ளே கம்பளத்தில் முட்டிமோதி உட்கார்ந்திருக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு வாரமாக அறுந்து அறுந்து போன காணொளி இணைப்பு. திரை நடுங்குகிறது, சட்டென்று அறையெங்கும் சாம்பியாவின் மாலை வெயில். அங்கே நீலச் சீருடைப் பிள்ளைகள் பெஞ்சுகள் கிறீச்சிட ஒன்றாக எழுகிறார்கள். "ஐயோ மிஸ், கிளம்புறாங்க!" என்று அலறுகிறாள் டெஸ்ஸா. "இல்லம்மா, விருந்தாளி வந்தா அவங்க எழுந்து நிப்பாங்க," என்கிறார் நாற்காலியில் இருக்கும் ஃப்ரீசன் டீச்சர். "விருந்தாளி யாரு?" "நீங்கதான்." "எங்க வீட்டு நாய்கூட எனக்காக எழுந்திருக்காது!" என்று துள்ளி எழுகிறான் கோல்டன். தடதடவென்று வகுப்பே எழுகிறது. "உட்காருங்க!" என்கிறார்கள் அங்கே. "நீங்க மொதல்ல!" "முடியாது, நீங்கதான்!" சிரிப்பில் ஒலிபெருக்கி கரகரக்கிறது. இரு வகுப்பும் சேர்ந்து படிக்கவேண்டிய பாடத்தின் தலைப்பு, 'மனித மாண்பு', பலகையில் அப்படியே இருக்கிறது. அதை ஒருமுறை திரும்பிப் பார்க்கும் ஃப்ரீசன் டீச்சர், மடியிலிருந்த பாடக்குறிப்பை மூடி வைத்துவிட்டுத் தானும் எழுந்து நிற்கிறார்.