கல்யாணம் ஆகட்டும்

"வீட்டை நசீமா பேருக்கு எழுதிடுங்கன்னு எத்தனை தடவைதான் சொல்றது?" கூஸ்கூஸைப் பரிமாறியபடியே கேட்டாள் ஜுலேகா.

"என்னை வழியனுப்ப அவ்வளவு அவசரமா?" தய்யிப் சிரித்தார். "அவ படிப்பு முடியட்டும்."

படிப்பு முடிந்தது. "கல்யாணம் ஆகட்டும்" என்றார். வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் நசீமா தட்டிக் கழித்தாள்.

"உங்க தம்பிங்க சும்மா விடுவாங்களா?"

"நசீமாவைத் தோள்ல தூக்கி வளர்த்தவனுங்கடி அவனுங்க!"

ஜுலேகாவும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. மகளைப் பத்திரம் எழுதும் நோட்டரி முன்னால் உட்கார வைக்க அவளுக்கும் மனசு வரவில்லை.

அந்த வருஷ ரமலானுக்கு முன்பே தய்யிப் போய்ச் சேர்ந்தார். நாற்பதாம் நாள் சாப்பாடு முடிந்ததும் பெரிய கொழுந்தன் தொண்டையைக் கனைத்தார்.

"அண்ணி, உங்க கால் பங்கு உங்களுக்கு. மீதி எங்களுக்கு. எடுத்து வளர்த்த பிள்ளைக்குச் சட்டத்துல பங்கு இல்லையே."

காபித் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள் நசீமா. ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் வந்து எல்லோருக்கும் கொடுத்தாள்.

அவர்கள் போனதும் ஜுலேகா உடைந்து அழுதாள். "நீ எடுத்து வளர்த்த பிள்ளைன்னு நோட்டரி உன் முன்னாலயே வாசிப்பாரேன்னுதான் பாபா தள்ளிப்போட்டார், கண்ணு..."

"எனக்கு அது பள்ளிக்கூடத்துலயே தெரியும், யம்மா."

"ஒரு வார்த்தை சொல்லலையேடி!"

"நிக்காஹ்னா பிறப்புச் சான்றிதழைக் கேட்பாங்க, அதுல பாபா பேரு இருக்காது, சபையில அவர் கூனிக்குறுகி நிப்பாரேன்னுதான்... வந்த மாப்பிள்ளையையெல்லாம் வேணாம்னேன்."