பயந்துபோன இரண்டு நாடுகள்

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கரும்பலகை மீது சாய்த்திருக்கிறது. சர்வதேச உறவுகள் பாடம் நடத்தும் பேராசிரியை அதில் இரண்டு வட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றும் ஒரு நாடு என்கிறார். ஒரு நாடு பயத்தில் படையைக் கூட்டுகிறது. அதைப் பார்த்துப் பயந்து மற்றதும் கூட்டுகிறது. கடைசியில் இரண்டுமே விரும்பாத போர் வந்து சேர்கிறது. இதற்குப் பாதுகாப்புச் சிக்கல் என்று பெயர். மின்விசிறி கடகடக்கிறது. முன்வரிசை மாணவி எழுதுவதை நிறுத்துகிறாள். அவளுடைய அப்பா எல்லைச் சண்டையில் இறந்த சிப்பாய் என்பது வகுப்புக்கே தெரியும். "அவங்களும் பயந்துதான் படையைக் கூட்டினாங்கன்னு அப்போ நம்ம பக்கம் யாருக்குமே தெரியலையா மேடம்?" பேராசிரியையின் விரல்களில் சாக்பீஸ் அப்படியே நிற்கிறது. கல்லூரிக்கு வருமுன் அவர் வெளியுறவு அமைச்சகத்தில் வேலை பார்த்தவர். "ஒருத்திக்குத் தெரிஞ்சிருந்துச்சும்மா. அப்படித்தான் குறிப்பும் எழுதினா. மேலதிகாரி முகம் சுளிச்சதும் அதைத் திரும்ப வாங்கிக்கிட்டா." "யாரு மேடம் அது?" மணி அடிக்கிறது. ஒருவரும் எழவில்லை. "நான்தாம்மா" என்கிறார். மாணவி பேனாவை மூடி, புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்துக்கொண்டு நடக்கிறாள். அவள் வாசலைத் தாண்டிப் போகும்வரை பேராசிரியை உட்காராமல் நிற்கிறார்.