மாடத்துத் தண்ணீர்

ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துத்தான் பம்பா சேகா ஊர் ஃபாகுந்தோவை வரவேற்றது.

அட்டகாமா பாலைவனத்தில், லாரியில் வரும் தண்ணீரை ஆழாக்கு ஆழாக்காகச் செலவழிக்கிற ஊர் அது. அதைப் போய் ஒரு வெளியூர்க்காரன் தலையில் கொட்டுகிறார்கள் என்றால் எவ்வளவு ஆத்திரம் இருக்கும், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கொட்டியவள் எல்சிரா. 'தோன்யா' என்று எல்லோரும் அவளை மரியாதையாகக் கூப்பிடுவார்கள். ஊரின் ஒரே கடை அவளுடையது. அந்தக் கடை வாசலில்தான், ஆளுக்கொரு பக்கமாக இரண்டு சுரங்கத் தொழிலாளிகள் ஃபாகுந்தோவின் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார்கள்.

"எந்தப் பக்கமாடா வந்த?" என்றாள் எல்சிரா.

"உப்புப் பாதை வழியா... நடந்து..."

"பேச்சைக் கேட்டீங்களா? மலைக்கு அந்தப் பக்கத்துச் சரக்கு," என்றான் தண்ணீர் லாரி ஓட்டுகிற வால்தோ. "இந்த அர்ஜென்டினாக்காரப் பசங்களே இப்படித்தான். முதுகுல வீட்டையே கட்டித் தூக்கிட்டு வருவானுங்க, மூளையை மட்டும் வீட்டுலயே வெச்சிட்டு வந்துருவானுங்க."

கூட்டம் சிரித்தது. எல்சிரா சிரிக்கவில்லை. அவனுடைய முதுகுப் பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். கூடாரம், சின்ன அடுப்பு, அழுக்குச் சட்டைகள் எல்லாம் புழுதியில் விழுந்தன.

"தண்ணி பாட்டில் எங்கடா?"

ஃபாகுந்தோவின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. "தண்ணி..." என்று கையை மட்டும் நீட்டினான். அவள் ஒரு குடுவையை அவன் வாயில் வைத்தாள். இரண்டு மடக்கு உள்ளே போனதுமே வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"போதும்! அவ்வளவுதான்!"

என்ன மனுஷி இவள் என்று அவனுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"உப்புப் பாதைன்னா மாடத்தைத் தாண்டித்தானே வந்திருப்ப?" என்றாள் எல்சிரா.

கூட்டத்தில் சிரிப்பு சட்டென்று நின்றது. விஷயம் என்னவென்று ஃபாகுந்தோவுக்கு அப்போதுதான் விளங்கியது.

பாதையோரம் நீலச் சாயம் பூசிய ஒரு சின்ன மாடம் இருந்தது. உள்ளே ஒரு இளைஞனின் படம், வெளுத்துப்போன காகிதப் பூக்கள். முன்னால் வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள், பக்கத்தில் சங்கிலியில் கட்டிய ஒரு தகரக் குவளை.

தாகத்தில் செத்தவர்களுக்கு இப்படித் தண்ணீர் வைக்கிற வழக்கம் அவன் ஊரிலும் உண்டு. அதைத் திருடிக் குடித்தவன் உருப்பட மாட்டான் என்று சொல்லிச் சொல்லியே அவனை வளர்த்திருந்தார்கள்.

"அது இவங்க பையனோட மாடம்," என்றான் தோளைப் பிடித்திருந்தவர்களில் ஒருவன். "அந்த இடத்துலதான் நாக்கு வறண்டு செத்தான். நீ அந்தத் தண்ணியை என்ன பண்ணின? மரியாதையா சொல்லு!"

"தொடலைங்க! எங்கம்மா மேல சத்தியமா ஒரு சொட்டுகூடத் தொடலை!"

"பொய்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "நாக்கு தள்ளி வந்து விழுந்தவன் தண்ணியைத் தொடாம வந்தானாம். யாரு காதுல பூ சுத்துறான்?"

"பொய்யாவே இருக்கட்டும்," என்று எல்சிரா பல்லைக் கடித்தாள். "வால்தோ, மோட்டார் சைக்கிளை எடு. ஒரு எட்டு பாத்துட்டு வா."

வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. ஃபாகுந்தோவுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. தோளைப் பிடித்திருந்த கைகள் இன்னும் இறுகின. இந்த ஊர் அவனை வெளியே தள்ளினால் அடுத்த ஊர்வரை நடக்க உடம்பில் தெம்பில்லை, கையில் தண்ணீரும் இல்லை. செத்தான் என்றே அர்த்தம்.

எல்சிரா அவனை முறைத்தபடியே நின்றாள். நடுவில் ஒருமுறை குடுவையை அவன் வாயில் வைத்து, ஒரே மடக்கில் மறுபடியும் பிடுங்கிக்கொண்டாள்.

வால்தோ திரும்பி வந்தபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"தண்ணி அப்படியே இருக்கு தோன்யா. ஒரு மூடிகூடத் திறக்கலை. அதுமட்டுமில்லை... வரிசையில புதுசா இன்னொரு பாட்டில் வேற நிக்குது. பாதித் தண்ணியோட."

ஃபாகுந்தோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பழி நீங்கியது என்று நிமிர்ந்தான்.

"அது என்னோடதுங்க! கடைசியா அதுதான் இருந்துச்சு. தாகத்துல செத்தவங்களுக்குத் தண்ணி வைக்காம தாண்டக் கூடாது, எங்க ஊர் வழக்கம். ஊரு கிட்டத்தான் இருக்கும்னு நெனச்சு வெச்சுட்டு வந்தேன்."

பளாரென்று அவன் கன்னத்தில் விழுந்தது ஓர் அறை. எல்சிராவின் கண்ணிலிருந்து கரகரவென்று நீர் வழிந்தது.

"குவளையைப் பாத்தியா?"

"பாத்தேங்க... அதுவும் உங்க பையனுக்குன்னு நெனச்சு, தொடாம..."

அவள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினாள்.

"அவனை மாதிரி இன்னொருத்தன் சாகக் கூடாதுன்னுதானேடா ஞாயித்துக்கிழமை தவறாம போய் நிரப்பிட்டு வர்றேன்... செத்தவனுக்கு எதுக்குடா குவளை?"