தலைவி வீட்டு மீட்டர்

“கதவைச் சாத்திக்கிட்டு எத்தனை நாளா நடக்குது இது?”

தலைவியின் கேள்விக்குக் கணவரால் தலை நிமிர முடியவில்லை. “சத்தியமா இன்னைக்குத்தான் முதல் தடவை” என்று முனகினார்.

“போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க? வெளிய எடுங்க!”

அவர் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு எடுத்து வைத்தார். இஸ்திரிப் பெட்டி. இன்னும் சூடு ஆறவில்லை.

“பெரிய மனுஷர் வர்ற நாள்ல கசங்கின சட்டையோட நிக்கச் சொல்றியா?”

“சட்டை கசங்கினா மானம் போகாது. இன்னைக்குப் பலகையில நம்ம வீட்டு யூனிட்டைப் பார்த்தா, அப்பத்தான் போகும். இந்த மாசமும் நாமதான் கடைசின்னா, நான் பதவியில இருக்க மாட்டேன். சொல்லிட்டேன்!”

அவள் கவலையிலும் நியாயம் இருந்தது. தெருவின் மின்சிக்கனச் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. மொத்தம் இருபத்திரண்டு வீடுகள். மாதக் கடைசியில் கணக்கு டீச்சர் வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து, குறைந்த யூனிட்டிலிருந்து வரிசையாகப் பலகையில் எழுதுவாள். இருபத்தொரு வீடுகளில் யூனிட் மாதாமாதம் இறங்கிக்கொண்டே வந்தது. ஏறிக்கொண்டே போனது தலைவி வீட்டில் மட்டும்தான்.

இத்தனைக்கும் அந்த வீட்டில் கணவர் பட்ட பாடு சொல்லி மாளாது. குளியல் பச்சைத் தண்ணீரில், காற்று அட்டை விசிறியில். டிவிக்குப் போர்வை போர்த்தியாயிற்று. பிரிட்ஜை அணைத்துவிட்டு அதில் துணி மடித்து வைத்திருந்தார்கள். அப்படியும் மீட்டர் அடங்கவில்லை.

எலக்ட்ரீஷியன் வந்து ஒவ்வொரு வயராகத் தடவிப் பார்த்தார். “கசிவு எதுவும் இல்லீங்க” என்று கைவிரித்துவிட்டார். அன்றிலிருந்து தலைவியின் சந்தேகம் முழுக்கக் கணவர் மேல்தான்.

ஆனால் மற்ற வீடுகள் திருந்தியதற்குக் காரணம் தன் பேச்சுதான் என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. முதலில் மாதம் ஒரு கூட்டம் போட்டாள், யூனிட் லேசாகக் குறைந்தது. வாரம் ஒன்றாக்கினாள், இன்னும் குறைந்தது. தினமும் சாயந்தரம் ஐந்திலிருந்து ஒன்பது வரை என்று நீட்டியதும், பாதிக்குப் பாதியாக விழுந்தது.

மழை கொட்டினாலும் ஒரு வீடு தவறாது. எல்லாரும் குடும்பத்தோடு வந்து இடம்பிடித்து உட்கார்ந்துவிடுவார்கள். பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார்கள். எவ்வளவு ஆழ்ந்து கேட்கிறார்கள் என்று தலைவி பூரித்துப் போவாள்.

மணி ஐந்து. தலைவி தன் வீட்டு ஹாலில் ஏசியைப் போட்டுவிட்டு மைக்கைத் தட்டிப் பார்த்தாள். ‘சிக்கனத் தெரு’ கேடயம் கொடுக்க மின்சார அலுவலகத்திலிருந்து பொறியாளரும் வந்து சேர்ந்தார்.

கணக்கு டீச்சர் பலகைமேல் இருந்த துணியை விலக்கினாள். முதல் வரியில் சலூன்காரர் வீடு, முப்பத்தெட்டு யூனிட். கடைசி வரியில் தலைவி வீடு, அறுநூற்றுப் பன்னிரண்டு. பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கணவர் தன் சட்டைக் காலரை அவசரமாகக் கசக்கிவிட்டுக்கொண்டார்.

தலைவி அவமானத்தோடு மைக்கைப் பிடித்தாள்.

“சொந்த வீட்டையே திருத்த முடியாதவ உங்களுக்குப் புத்தி சொல்லக் கூடாது. நான் விலகிக்கறேன். நாளையிலேர்ந்து இங்க கூட்டம் கிடையாது.”

அவ்வளவுதான், ஹாலே அல்லோலகல்லோலப்பட்டது. கணக்கு டீச்சர் “ஐயையோ!” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். தையலக்கா ஓடி வந்து தலைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“அப்படியெல்லாம் பேசாதீங்கம்மா! நீங்க கைவிட்டா எங்க வீடெல்லாம் என்ன கதி ஆகும்?”

“கூட்டம் இல்லாத சாயந்தரத்தை என்னால நினைச்சுக்கூடப் பார்க்க முடியலை” என்றார் பால்காரர். குரல் தழுதழுத்தது. அவர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

இத்தனை பாசத்தைத் தலைவி எதிர்பார்க்கவே இல்லை. அவளும் அழுதுவிட்டாள்.

“சரி, சரி, யாரும் அழாதீங்க. நான் விலகலை. உங்களுக்காக நாளையிலேர்ந்து பத்து மணி வரைக்கும் பேசறேன்!”

கைதட்டல் அடங்க இரண்டு நிமிடம் ஆயிற்று. பொறியாளர் உருகிப் போனார். கேடயத்தைச் சலூன்காரர் கையில் கொடுத்து, மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டினார்.

“நூத்தித் தொண்ணூறு யூனிட்ல இருந்து முப்பத்தெட்டுக்கு வந்திருக்கீங்க. அம்மா இத்தனை நாள் பேசினதுல எதைக் கடைப்பிடிச்சீங்க? கூச்சப்படாம சொல்லுங்க.”

கணக்கு டீச்சர் பலமாக இருமினாள். தையலக்கா கண்ணால் என்னென்னவோ ஜாடை காட்டினாள். மைக்கைப் பார்த்த பதற்றத்தில் சலூன்காரர் எதையும் கவனிக்கவில்லை.

“எதையும் கடைப்பிடிக்கலைங்க, சார். அஞ்சு மணி அடிச்சா வீட்டைப் பூட்டிட்டு எல்லாரும் இங்க வந்துடறோமே!”