பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்
தாசம்மாள் தாயின் சாவுக்கு ரங்கூனிலிருந்து ஊர் வந்திருந்த நேரத்தில்தான் அங்கே குண்டு விழுந்தது. சின்ன மகள் அம்மிணியை முதுகில் தூக்கிக்கொண்டு காட்டுவழியே நடந்த கணவர் சுவாமிதாஸ், தனியாகத் தம்பானூர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கி ஒரு மாதமாகிறது. வைத்தியர் மறதி நோய் என்கிறார். அவளுடைய அண்ணன் நடிப்பு என்கிறான். இப்போது மாலை வெயில் முற்றத்தில் மஞ்சளாகக் கிடக்க, அவருடைய வெடித்த பாதங்களுக்கு எண்ணெய் தடவியபடி அவள் மறுபடி கேட்கிறாள். “அம்மிணிய எங்க விட்டிய?” “அம்மிணியா? அது ஆரு? எனக்கு ஓர்மையே இல்ல.” அவர் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. அடுத்த வீட்டில் ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது. சுவாமிதாஸ் எழுந்து, முதுகை வளைத்து, கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு முற்றத்தில் மெல்ல நடக்கிறார். “உறங்கு மக்ளே, ஆறு தாண்டியாச்சு.” தாசம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுகிறாள். “ஆருகிட்ட பேசுதிய?” “நானா? நான் ஒண்ணும் பேசல்லியே” என்று திரும்புகிறார். கோத்த கைகளை மட்டும் அவர் பிரிக்கவில்லை.