பில் வரும்வரை

எடைத் தட்டில் கிடந்த குழந்தை அழவில்லை.

அழுது தொலைத்திருந்தால் பிரசவ வார்டின் தலைமை நர்ஸான அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பியபோது இருந்ததைவிட எடை நன்றாகக் குறைந்திருந்தது. உதடு காய்ந்திருந்தது. பால் சரியாக வயிற்றுக்குப் போகவில்லை, வேறொன்றுமில்லை, தேறிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

தேறிவிடும். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. கட்டிலில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த குழந்தையின் அம்மா மாரிச்செல்வியின் முகத்தைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

மருமகளுக்குப் பாலே இல்லை என்று மாமியார் வார்டு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பிள்ளையை இனி நானே பார்த்துக்கொள்கிறேன், இவள் அம்மா வீட்டில் போய் இருக்கட்டும் என்கிற வரைக்கும் பேச்சு வந்திருந்தது.

பாலுக்குக் குறைவில்லை. பீய்ச்சிச் சங்கில் புகட்டியபோதே தெரிந்துவிட்டது. அதைப் பார்த்ததும், பாலிருந்தும் கொடுக்கத் தெரியாதவள் என்று மாமியார் பேச்சை மாற்றிக்கொண்டாள்.

பிள்ளை காம்பை மட்டும் கவ்விச் சப்பிச் சப்பி, களைத்துத் தூங்கிப்போகிறது. அவ்வளவுதான் விஷயம். பக்கத்தில் யாராவது உட்கார்ந்து பார்த்திருந்தால் வீட்டுக்கு அனுப்பிய அன்றைக்கே தெரிந்திருக்கும்.

யார் உட்காருவது?

மருத்துவமனையில் வீண் வேலைகளைக் குறைக்கப் பயிற்சி நடந்தபோது, முதலில் கை தூக்கியவள் அவள்தான். முன்பெல்லாம், வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் பில் வர அரை நாள் ஆகும். அந்தக் காத்திருப்பை அவள் ஒழித்துக்கட்டினாள். இப்போதெல்லாம் டாக்டர் சொன்ன கையோடு வாசலில் ஆட்டோ. போகிறவர்கள் அவளை வாயார வாழ்த்தினார்கள். நிர்வாகம் மேடையேற்றிச் சால்வை போர்த்தியது.

அதற்கு முன்பு, பில் வரும்வரை, கிளம்பக் காத்திருப்பவளின் கட்டிலில் அவளுக்கு வேலை எதுவும் இருக்காது. சும்மா நிற்பானேன் என்று ஓரமாக உட்கார்ந்துகொள்வாள். ஊர்க்கதை பேசுவாள். பேச்சோடு பேச்சாக, பால் குடிக்கும் பிள்ளையின் தலையைக் கொஞ்சம் திருப்பிவைப்பாள்.

அதை ஒரு வேலையென்று அவளே நினைத்ததில்லை. அரட்டை என்றுதான் நினைத்திருந்தாள்.

பாவி.

இன்றைக்கு உட்கார்ந்தாள். குழந்தையை அம்மாவின் மார்போடு அணைத்து, வாய் அகலத் திறக்கும்வரை காத்திருந்து, தலையைத் தாங்கிப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை விழுங்கும் சத்தம் கேட்டது.

மாரிச்செல்வி அப்போதும் நிமிரவில்லை.

"ஒம் மேல தப்பு ஒண்ணுமில்லம்மா" என்றாள் நர்ஸ்.

"அப்பம் யாரு மேல, சிஸ்டர்?"

கேட்டது மாமியார்.

நிமிர்ந்து பார்த்தது மாரிச்செல்வி.