நைட்ரஜன் வரும் வியாழன்

அன்று மழை பெய்ததா என்பதில் அவளுக்கு இப்போது சந்தேகம் இருக்கிறது. வியாழக்கிழமை என்பது மட்டும் நிச்சயம். ஆய்வகக் கருவியைக் குளிர்விக்கும் திரவ நைட்ரஜன் வியாழன்தான் வரும்.

கணினி மறுபடியும் நின்றுவிட்டது.

நாற்பதாவது நிமிடம். திரையில் பாதி வரைந்த கோடு. மவுஸை நகர்த்தினாலும் அம்பு அசையவில்லை.

இது நான்காவது வியாழன். அந்த ஒரு கோடு முழுதாக வந்தால் ஆய்வேடு முடிந்தது. டிசம்பருக்குள் கொடுத்தாக வேண்டும்.

மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றியாயிற்று. கருவியிலிருந்து கணினிக்கு வரும் கேபிளை மாற்றியாயிற்று. வேறு கணினியும் வைத்துப் பார்த்தாயிற்று. நைட்ரஜன் ஊற்றாத நாட்களில் எல்லாம் ஒழுங்காக ஓடித் தொலைத்தது.

மிச்சம் இருந்தது அடுத்த மேசை ஜெபசிங். அவன்தான் எதையோ நோண்டிவிட்டான் என்று முடிவு கட்டி, மூன்று வாரமாக அவனோடு பேசவில்லை.

நைட்ரஜன் குடுவையிலிருந்து வெண்புகை வழிந்து கருவியின் பின்புறம் இறங்கிக்கொண்டிருந்தது.

தொட்டாள். ஈரம்.

கேபிளைப் பிடுங்கினாள். அது செருகும் வாய்க்குள் டார்ச் அடித்தாள்.

சிவப்பு.

பஞ்சை முறுக்கி உள்ளே விட்டாள். நனைந்த குங்குமம். குளிரில் ஈரம் படியும்போதெல்லாம் அதுதான் இணைப்பைக் கெடுத்திருக்கிறது.

ஆயுத பூஜை.

ஒரு கருவியையும் விடக் கூடாதென்று மோதிர விரலால் பொட்டு வைத்துக்கொண்டே போனவள் அவள். இந்தக் கருவிக்கு முன்பக்கம் முழுக்கத் திரை. அதனால் பின்பக்கம் வைத்தாள்.

குங்குமத் தட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தவன் ஜெபசிங்.

பஞ்சை அவன் மேசையில் வைத்தாள்.

அவன் எடுத்து முகர்ந்தான்.

"அன்னைக்கே சொன்னேம்லா தாயே, அந்த ஓட்ட பக்கத்துல வேண்டாம்னு."

"பொய். நீ சொல்லவே இல்ல."

"மனசுக்குள்ள சொன்னேன்."

அவள் சிரித்தாள். நிறுத்த முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

துடைத்தார்கள். காயவைத்தார்கள். மிச்ச நைட்ரஜன் ஒரே ஒரு முறைக்குத்தான் வரும்.

முப்பத்தொன்பது.

நாற்பது.



கோடு நகர்ந்தது.

ஆய்வேடு டிசம்பரில் போயிற்று. கருவி இன்னும் அங்கே ஓடுகிறது. பொட்டு இப்போது அதன் மேசைக் காலுக்கு. ஜெபசிங் பாளையங்கோட்டையில் பாடம் எடுக்கிறான். அவள் பக்கத்திலேயே வேறொரு கல்லூரியில்.

சிவந்த பஞ்சு ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில், அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் இருக்கிறது.